கொத்துக்கரண்டி பதில்கள்: கல் மாதிரி இருக்கும், கல் இல்லை

சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். “பாடாங் திடலைப் பார்த்து நிற்கும் நகர மண்டபத்துத் தூண்கள் வெட்டிய கல்லில் செய்தவை அல்ல” என்று. அவ்வளவுதான். நீர்க்கசிவு, தரை ஓடு பெயர்வது, கழிவறைத் தளம் தப்பாகச் சாய்ந்திருப்பது என்று வழக்கமாக வருகிற கேள்விகளை அமுக்கிவிட்டு, இந்த மாதம் தபால் பை முழுக்க அந்தத் தூண்கள்தான். சரி, இந்த முறை அதையே பேசிவிடுவோம். முதல் உலகப் போர் முடிந்த 1918க்கும் அடுத்த போர் தொடங்கிய 1939க்கும் நடுவில் நம் சிங்கப்பூரில் எழும்பிய கட்டடங்கள். குளியலறைக் கசிவுக்காரர்கள் அடுத்த இதழ் வரை வாளி வைத்துச் சமாளிக்கவும்.

ஈசூனிலிருந்து ஒரு வாசகி: ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, அந்த நகர மண்டபம் இப்போது தேசியக் கலைக்கூடமாக இருக்கிறதே, அங்கே போனேன். தூணைத் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரிதான் இருந்தது. காவலர் முறைத்தார். கல் இல்லை என்றால் அது என்ன?

முதலில் அந்தக் காவலரிடம் என் சார்பில் மன்னிப்பு.

எங்கள் தொழிலில் அதற்கு ஷாங்காய் பிளாஸ்டர் என்று பெயர். முதலில் சுவரில் சாதாரண சிமெண்டுப் பூச்சு ஒன்று அடிப்பார்கள். அதன்மேல் சிமெண்டோடு பொடிப்பொடியான கல்சில்லு கலந்த இன்னொரு பூச்சு. அது முழுக்க இறுகுவதற்கு முன்னால், பதம் பார்த்து, தண்ணீர் தெளித்துத் தூரிகையால் மேலே இருக்கும் சிமெண்டுப் பாலைக் கழுவி எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் சில்லுகள் பல் தெரிவதுபோல் வெளியே தெரியும். ஈரமாக இருக்கும்போதே கோடு இழுத்துவிட்டால் கல் மேல் கல் அடுக்கியது போலவே இருக்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கருங்கல் என்று சத்தியம் செய்வீர்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. நான் 1971இல் ஒரு குத்தகைக்காரரிடம் சித்தாளாகச் சேர்ந்தபோது, எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கேண்டனீஸ் கிழவர். சிஃபு என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கேண்டனீஸ் தெரியாது. இருவருக்கும் பாசார் மலாய் தெரியும், அதுவும் அரைகுறை. கழுவுகிற நேரம்தான் முழு வித்தையும். ஐந்து நிமிடம் முன்னால் கழுவினால் சில்லே வழிந்து கீழே வந்துவிடும். பத்து நிமிடம் தாமதித்தால் சிமெண்டு இறுகி, எத்தனை தேய்த்தாலும் சில்லு கண் திறக்காது. சிஃபு கடிகாரம் பார்க்க மாட்டார். புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். நான் அவசரப்பட்டால் “பெலான் பெலான்” என்பார், மலாயில் ‘மெல்ல மெல்ல’ என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் சொன்ன அதிகபட்ச அறிவுரை அதுதான்.

ஏன் கல்லிலேயே செய்யவில்லை என்று கேட்பீர்கள். நம்மிடம் கல் இல்லாமல் இல்லை. 1923இல் ரயில் ஓடத் தொடங்கிய ஜொகூர் பாலத்துக்குப் புலாவ் உபின் தீவிலிருந்து கருங்கல் போனது. ஆனால் கடலில் கொட்டுகிற கல் வேறு, மூன்று மாடி உயரத் தூணாகச் செதுக்கி, உச்சியில் இலை இலையாய்ப் போதிகை வைக்கிற கல் வேறு. கருங்கல்லில் அதைச் செய்ய எத்தனை சிற்பிகள், எத்தனை ஆண்டுகள்! நகர மண்டபத்தை 1926இல் தொடங்கி 1929இல் முடித்துவிட்டார்கள். முன்னால் மட்டும் 18 தூண்கள். அந்த வேகத்துக்குச் சிமெண்டுதான் சரி. அந்தக் காலத்தில் இங்கே இத்தகைய வேலைக்கு என்றே ரொடால்ஃபோ நோலி என்று ஓர் இத்தாலியச் சிற்பி இருந்தார். பக்கத்தில் இருக்கும் பழைய உச்ச நீதிமன்றத்தின் முகப்பு முக்கோணத்தில் நீதிதேவதை நிற்கிறாளே, அதுவும் அவர் வேலை. எல்ஜின் பாலத்து விளக்குக் கம்பங்களில் வட்டத்துக்குள் சிங்கம் இருக்கும், அதுவும் அவருடையது. அவசரமாக நடக்கிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் “அப்படியானால் போலிதானே” என்று ஒரு வார்த்தை இருந்தது. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் கோயில் கோபுரத்தில் இருக்கும் பொம்மைகள் எல்லாம் சுதைதான். உள்ளே செங்கல், மேலே பூச்சு. யாராவது மாரியம்மன் கோயில் கோபுரத்தைப் போலிச் சிற்பம் என்பார்களா? கை வேலை கை வேலைதான்.

சுவா சூ காங்கிலிருந்து ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: பழைய காலாங் விமான நிலையத்தையும் பழைய உச்ச நீதிமன்றத்தையும் வரைந்தவர் ஒரே ஆள் என்று என் விரிவுரையாளர் சொன்னார். ஒன்று கப்பல் மாதிரி இருக்கிறது, மற்றொன்று ரோமாபுரி மாதிரி இருக்கிறது. எப்படி?

தம்பி, இந்த மாதக் கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது உங்களுடையது. விரிவுரையாளர் சொன்னது சரி. ஃபிராங்க் டோரிங்டன் வார்ட், பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடக் கலைஞர். காலாங் 1937 ஜூன் 12 திறந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றத்துக்கு அடிக்கல் போட்டார்கள். அது 1939 ஆகஸ்டு 3 திறந்தது. ஆக, ஒரே மனிதரின் அலுவலகத்தில் இரண்டு வரைபடங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கிடந்திருக்கின்றன.

வரலாற்றுப் புத்தகங்கள் “முதலில் பழைய பாணி இருந்தது, பிறகு நவீனம் வந்தது” என்று வரிசையாக எழுதும். நம் ஊர் அப்படி வரிசையில் வரவில்லை. இந்த இரண்டில் நவீனம் முதலில் வந்தது, ரோமாபுரி இரண்டு ஆண்டு கழித்து வந்தது! யாருக்காகக் கட்டுகிறோம் என்பதைப் பார்த்து உடை மாற்றியிருக்கிறார்கள். நீதிமன்றத்துக்குள் போகிறவனுக்கு உள்ளே நுழையும் முன்பே முழங்கால் கொஞ்சம் நடுங்க வேண்டும். அதற்கு உயரமான தூண், அகலமான படி, மேலே குவிமாடம். ஐரோப்பா ஓட்டல் என்று ஒரு பெரிய ஓட்டல் இருந்த இடத்தில் அதை இடித்துவிட்டுக் கட்டினார்கள். திறந்து ஒரு மாதத்தில் ஐரோப்பாவில் போர். இரண்டரை ஆண்டில் ஆங்கிலேயர் ஆட்சியே இங்கே சரிந்தது. அவ்வளவு கம்பீரமான தூண்கள் யாரையும் பயமுறுத்தவில்லை.

விமான நிலையத்துக்கு வருகிறவன் வேறு ஆள். அவனுக்கு வேகம் தெரிய வேண்டும், உலகத்தோடு ஒட்டியிருக்கிறோம் என்று தெரிய வேண்டும். அதனால் நடுவில் கண்ணாடிக் கோபுரம், இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி நீண்ட மாடங்கள், மூலைகள் எல்லாம் வளைவு. சதுப்பு நிலத்தை மண் கொட்டி நிரப்பி, விமானம் இறங்கும் தரையை வட்டமாக, புல் தரையாக அமைத்தார்கள். வட்டம் ஏன் தெரியுமா? அப்போதைய சிறு விமானங்கள் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் வட்டத்தில் இறங்கலாம். பக்கத்திலேயே தண்ணீரில் இறங்கும் கடல் விமானங்களுக்குத் துறை. அழகுக்காக வரைந்த வட்டம் என்று நான் பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய விமானங்கள் வந்ததும் அந்த வட்டம் போதாமல் போனது. 1955இல் பாய லேபாருக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு நெடுங்காலம் மக்கள் கழகத்தின் தலைமையகமாக இருந்தது. பழைய விமான நிலையச் சாலை உணவங்காடியில் லோர் மீ சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேருக்கு எந்த விமான நிலையம் என்று தெரியும்?

வார்ட் வரைந்த மூன்றாவது உருப்படி ஒன்றையும் பார்த்துவிடுங்கள். ஹில் ஸ்திரீட் பழைய காவல் நிலையம், 1934. அதில் 927 சன்னல்கள். இப்போது வானவில் நிறத்தில் அடித்துச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அந்த வண்ணத்தைக் கண்ணைச் சுருக்கி மறைத்துவிட்டுப் பார்த்தால், ரோமாபுரிக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு மனிதர் யோசித்துக்கொண்டு நிற்பது தெரியும்.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஒரு வாசகர்: பழைய உச்ச நீதிமன்றத்தின் அடிக்கல்லுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறதாம், 3000ஆம் ஆண்டில்தான் திறப்பார்களாம். உண்மையா, கதையா?

உண்மை. 1937 மார்ச் 31ஆம் தேதியிட்ட ஆறு சிங்கப்பூர் நாளிதழ்களும் சில நாணயங்களும் உள்ளே. அடுத்த ஆட்சி, அதற்கடுத்த ஆட்சி என்று எதையும் யோசிக்காமல் ஆயிரம் ஆண்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். திறக்கும்போது நானும் நீங்களும் போக முடியாது. விடுங்கள்.

தஞ்சோங் காத்தோங்கிலிருந்து ஒரு வாசகி: சுல்தான் பள்ளிவாசலின் குவிமாடத்தில் பாட்டில்கள் பதித்திருப்பதாக என் வீட்டுக்காரர் சொல்கிறார். சோயா சாஸ் பாட்டில் என்கிறார். என்னைக் கேலி செய்கிறாரா?

கேலி செய்யவில்லை, அவர் சொல்வதைக் கேளுங்கள். 1924இல் தொடங்கி 1932இல் முடித்த பள்ளிவாசல் அது. வரைந்தவர் டெனிஸ் சான்ட்ரி. பாடாங் பக்கத்தில் இருக்கும் போர் நினைவுச்சின்னத்தையும் அவர்தான் வரைந்தார். பணக்காரர்கள் காசு கொடுத்தார்கள். கையில் காசில்லாத ஏழைகளும் பங்கெடுக்க வேண்டும் என்று கண்ணாடிப் பாட்டில்களை வாங்கி, தங்க நிறக் குவிமாடத்தின் அடியில் வளையமாகப் பதித்தார்கள். கீழே தெருவில் நின்று பார்த்தால் கறுப்பு மணிகள் கோத்த பட்டை மாதிரி தெரியும், அதுதான் பாட்டில்களின் அடிப்பாகம். நான் பார்த்த கட்டட அலங்காரங்களில் இதற்கு ஈடு வைக்க எனக்கு இன்னொன்று தெரியாது.

உட்லண்ட்ஸிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்: முஸ்தபா கடைப் பக்கம் வெர்டன் சாலை, கிச்சனர் சாலை என்று பெயர்கள். லிட்டில் இந்தியாவில் ஏன் இந்தப் பெயர்கள்? அந்தக் காலக் கட்டடம் அங்கே ஏதும் மிச்சம் இருக்கிறதா?

முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பகுதித் தெருக்களுக்குப் பெயர் வைத்தார்கள், அதனால்தான். வெர்டன், சோம் இரண்டும் 1916இல் பிரான்சில் லட்சக்கணக்கானோர் மாண்ட போர்க்களங்கள். கிச்சனர் பிரிட்டிஷ் போர் அமைச்சர். ஜெலிக்கோ, பீட்டி, ஸ்டர்டி மூவரும் கடற்படைத் தளபதிகள். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நாம் ஒரு போர் வரைபடத்துக்குள்ளேயே நடக்கிறோம்.

அந்த வரிசையில் பெத்தான் சாலை என்று ஒன்று உண்டு. வெர்டனைக் காப்பாற்றிய பிரெஞ்சுத் தளபதியின் பெயர். அதே பெத்தான்தான் 1940இல் ஹிட்லரோடு கைகோத்த அரசுக்குத் தலைவரானார். பெயர்ப்பலகையை யாரும் மாற்றவில்லை. சாலைக்கு அரசியல் தெரியாது. அங்கே 1930இல் கட்டிய 18 வீடுகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டே மாடி. தூண்களிலும் சுவரிலும் பூவும் கொடியும் போட்ட பளபளக்கும் ஓடுகள், மேலே பறவை, பழம், இலை என்று இடைவெளி விடாத பூச்சு வேலை. கல்யாண வீட்டில் இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் அத்தை மாதிரி. எனக்குப் பிடிக்கும்.

அங்கிருந்து சிராங்கூன் சாலைப் பக்கம் திரும்பி நடக்கும்போது, கடை வீடுகளின் உச்சியைப் பாருங்கள். கடைகளுக்கு முன்னால் கூரைக்குக் கீழே இருக்கும் நடைபாதை, அதாவது அஞ்சடிக்குள் நடந்தால் தெரியாது, எதிர்ச்சாரிக்குப் போக வேண்டும். சிலவற்றில் பூவும் கொடியும் திடீரென்று காணாமல் போயிருக்கும். நேர்க்கோடு, படிப்படியான விளிம்பு, நடுவில் ஒரு கொடிக்கம்பம், கட்டிய ஆண்டு எண் பெரிதாக. 1930களில் வந்த மாற்றம் அது. பாரிசில் 1925இல் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய பாணி. ஆர்ட் டெகோ என்பார்கள். எங்கள் சிஃபுவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. “கோடு வேலை” என்பார், “பூ வேலை” என்பார். பூ வேலைக்குக் கூலி அதிகம்.

செம்பவாங்கிலிருந்து ஒரு வாசகி: என் அப்பா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் அண்ணே. அவர் போய் ஆறு மாதம் ஆகிறது.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

அந்த நிலையத்தை 1932 மே 2ஆம் தேதி திறந்தார்கள். ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்து பெட்ரோவிச் வரைந்தது. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய், தோட்டத்தில் வேலை இல்லாமல் நம் ஆட்களை ஆயிரக்கணக்கில் ஊருக்குக் கப்பல் ஏற்றிய காலம் அது. அந்தப் பஞ்சத்தில் இப்படி ஒரு மண்டபம்! முகப்பில் நான்கு பளிங்கு உருவங்கள் நிற்கும். விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில். ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து: எஃப், எம், எஸ், ஆர். கூட்டு மலாய் மாநில ரயில்வே என்பதன் சுருக்கம். சின்ன வயதில் தாப்பாவுக்குச் சித்தி வீட்டுக்கு ரயில் ஏறப் போகும்போது, அந்த எழுத்துகள் அந்த நான்கு பேரின் பெயர் என்று நினைத்திருந்தேன். ‘ஆர்’ என்பவர் கொஞ்சம் கோபக்காரர் என்றும் முடிவு செய்திருந்தேன்.

உள்ளே வளைந்த உயரமான கூரை. ரயிலுக்காகக் காத்திருக்கும்போது தலையை அண்ணாந்தால் சுவரில் பெரிய படங்கள். நெல் நடவு, ரப்பர் மரம் சீவுவது, ஈயச் சுரங்கம், கொப்பரை, கப்பல், மாட்டு வண்டி. என் அம்மா பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, “அந்த மரம் சீவுறதும் நம்ம ஆளு, வண்டி ஓட்டுறதும் நம்ம ஆளு” என்று சுட்டிக்காட்டுவார். படத்தில் இருப்பவர்களின் முகம் அவ்வளவு துல்லியமாக எல்லாம் இருக்காது. ஆனால் அம்மா சொன்னால் சொன்னதுதான். உங்கள் அப்பாவும் அந்தப் படங்களுக்குக் கீழே எத்தனை ஆயிரம் முறை நடந்திருப்பார்!

2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். நானும் கூட்டத்தில் நின்றேன். பழைய ரயில்வேக்காரர்கள் பலர் பேரப்பிள்ளைகளைத் தோளில் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டே நிலையத்தைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள், இடிக்க முடியாது. அதன் அடியில் கண்டோன்மண்ட் எம்ஆர்டி நிலையத்தை அமைப்பதற்காக நடைமேடைக் கூரையின் ஒரு பகுதியைக் கழற்றி எடுத்து, பிறகு பழைய இடத்திலேயே பொருத்துவது என்று திட்டம் போட்டார்கள். கழற்றி மாட்டுகிற வேலை எவ்வளவு தலைவலி என்று எனக்குத் தெரியும், அதனால் அவர்கள்மேல் மரியாதை கூடியது.

அங் மோ கியோவிலிருந்து ஒரு வாசகர் (கோபமாக): வெள்ளைக்காரன் கட்டினான், இத்தாலிக்காரன் செதுக்கினான் என்றே எழுதுகிறீர்கள். இதில் தமிழன் எங்கே?

கேட்க வேண்டிய கேள்விதான். வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட இடத்தில் இல்லை. அடிக்கல்லிலும் இல்லை. அடிக்கல்லில் ஆளுநர் பெயர் இருக்கும், மண் சுமந்தவன் பெயர் எந்த ஊரில் இருந்தது? நகராட்சி, பொதுப்பணித் துறை, துறைமுகம், செம்பவாங் கடற்படைத் தளம் எல்லாவற்றிலும் அந்தக் காலத்தில் நம் ஆட்கள் கூலிகளாக நிறையப் பேர் இருந்தார்கள். அதைத் தாண்டி, இன்ன தூணை இன்ன தமிழன் நிறுத்தினான் என்று நான் கதை கட்ட மாட்டேன்.

ஆனால் கட்டடத்தைக் கட்டியவனோடு அதன் கதை முடிந்துவிடுவதில்லை. டோபி காட் கேத்தே கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிராங்க் புருவர் வரைந்தது, 16 மாடி. ஊரில் அப்போது அதைவிட உயரம் எதுவும் இல்லை. 1939 அக்டோபரில் அதன் திரையரங்கு திறந்தபோது குளிரூட்டிய கொட்டகை என்று மக்கள் படத்தைவிடக் குளிரைப் பார்க்கப் போனார்களாம். அடுத்த சில ஆண்டில் ஜப்பானியர் வந்து அதை வானொலிக்கும் பிரசாரத்துக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தக் கொட்டகையில்தான் 1943 ஜூலை 4ஆம் தேதி நேதாஜி இந்தியச் சுதந்திரக் கழகத்தின் தலைமையை ஏற்றார். மறுநாள் நகர மண்டபத்துக்கு முன்னால், நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே தூண்களுக்கு முன்னால், பாடாங்கில் அணிவகுப்பு. அக்டோபர் 21 மறுபடி கேத்தேயில், சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஏராளம். ஆங்கிலேயர் தங்கள் பெருமைக்குக் கட்டிய தூண்களை, அவர்களை எதிர்த்து நின்ற தோட்டத்துப் பிள்ளைகள் பின்னணியாக வைத்துக்கொண்டார்கள். கோபம் கொஞ்சம் ஆறியதா?

கேத்தேயின் பெரும்பகுதி இப்போது இல்லை. 2006இல் புதிய கட்டடம் வந்தபோது பழைய முகப்பை மட்டும் விட்டுவைத்தார்கள்.

கிளமெண்டியிலிருந்து ஓர் இளம் தம்பதி: தியோங் பாருவில் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பார்த்தோம். ‘விமான வீடு’ என்று முகவர் சொன்னார். என்ன விசேஷம்?

முகவர் சொன்னது பழைய சீனப் பட்டப்பெயர். வளைந்த மூலையும் நீண்ட கிடைக்கோட்டு மாடமும் விமானத்தை, கப்பலை நினைவுபடுத்தும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) பிறந்தது 1960இல். அதற்கு முன்னால் 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை, பழைய இடுகாட்டு மேட்டை வெட்டிச் சமப்படுத்தி, 1936 கடைசியில் முதல் புளோக்கைத் திறந்தது. 1941க்குள் 784 வீடுகள். 78ஆம் புளோக்கின் அடியில் குண்டுவீச்சுக்கு ஒதுங்கும் அறையே உண்டு. போருக்கு முந்தைய 20 புளோக்குகளை 2003இல் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தார்கள்.

எல்லோரும் முன்பக்கத்தைப் படம் எடுப்பார்கள். நீங்கள் பின்சந்துக்குப் போங்கள். சுழல் படிக்கட்டுகள் கான்கிரீட்டில் முறுக்கு பிழிந்த மாதிரி இறங்கும். கல் வேடம் போடாமல் சிமெண்டு சிமெண்டாகவே நிற்கத் துணிந்த இடம் அது. வாடகை பேசும் முன் கூரையின் உள்பக்கத்தில் துருக்கறையோ, பூச்சு உப்பியிருப்பதோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ரொம்ப அழகான வீட்டுக்கும் இது பொருந்தும்.

பொங்கோலிலிருந்து ஒரு வாசகர்: ஃபுல்லர்ட்டன் ஓட்டல் ஒரு காலத்தில் தபால் நிலையமாமே?

ஆமாம், 1928 ஜூனில் திறந்த தலைமைத் தபால் நிலையம். ஷாங்காயிலிருந்து வந்த கீஸ் அண்ட் டவுட்ஸ்வெல் வரைந்தார்கள். தபால் மூட்டைகள் வெயிலில் போகாமல் சாலைக்கு அடியிலேயே படகுத்துறைக்குப் போகச் சுரங்கவழி வைத்திருந்தார்கள். உள்ளே 300 அடி நீளத்துக்கு முகப்பு மேசை. என் அப்பா மன்னார்குடிப் பக்கம் ஆத்தாவுக்குப் பணம் அனுப்ப மாதம் ஒருமுறை அங்கே போவார். சம்பளத்தன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. இப்போது அதே இடத்தில் ஒரு காப்பியின் விலையைக் கேட்டால் அப்பா மயங்கி விழுந்திருப்பார்.

ஜாலான் புசார் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு வாசகர்: எங்கள் கடை வீட்டின் மேல்மாடி முகப்பு சாம்பல் நிறமாக மங்கிக் கிடக்கிறது. வெறும் சிமெண்டுதான் போலிருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் பெயிண்ட் அடிக்கலாம் என்று டின் வாங்கிவிட்டோம். மஞ்சள் நல்லதா, வெள்ளை நல்லதா?

ஐயா, டின்னைத் திறக்காதீர்கள்.

1984இல் நான் மேற்பார்வையாளராகி இரண்டு ஆண்டு. உங்கள் கடைக்கு அதிக தூரம் இல்லாத ஒரு தெருவில், இதே மாதிரி மங்கிய முகப்பு. உரிமையாளர் பளிச்சென்று வேண்டும் என்றார். அது ஷாங்காய் பிளாஸ்டர் என்று எனக்குத் தெரியும். சிஃபுவிடம் படித்தவன் ஆயிற்றே! தெரிந்துகொண்டே இளம்பச்சை பெயிண்டை இரண்டு கோட் அடிக்கச் சொன்னேன். மூன்று நாள் வேலை, கையில் காசு, நானும் சும்மா இருந்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே முகப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலை என்னிடமே வந்தது. மணல் பீய்ச்சி அடித்தால் பெயிண்டோடு சில்லும் பெயர்ந்துவிடும். அதனால் ரசாயனப் பசையைத் தடவி, ஊறவைத்து, மெல்லிய நீரால் கழுவி, குழியில் நின்றுபோனதைப் பல் துலக்கும் தூரிகையால் எடுத்தோம். மூன்று நாளில் போட்ட பச்சையை எடுக்க ஏழு வாரம். சிஃபு அப்போது உயிரோடு இல்லை, நல்லவேளை.

இப்படிச் செய்யுங்கள். காலை வெயில் படும் நேரத்தில் ஏணி போட்டு, ஓர் ஈரத்துணியால் முகப்பில் ஒரு கையளவு இடத்தைத் துடையுங்கள். வெறும் சிமெண்டு என்றால் கறுத்துப் போகும், அவ்வளவுதான். ஷாங்காய் பிளாஸ்டர் என்றால் ஈரத்தில் சில்லுகள் தனித்தனியாகத் தெரியும். வெள்ளை, கறுப்பு, சில இடத்தில் லேசான சிவப்பு. அதற்குத் தேவை மென்மையாக ஒரு கழுவல்தான். அப்புறம், உங்கள் வரிசை பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறதா என்று நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள். வந்தால் முகப்பில் கை வைக்கும் முன்னால் அனுமதி வேண்டும்.

வெறும் சிமெண்டாக இருந்தால் வெள்ளை அடியுங்கள். சில்லு தெரிந்தால் டின்னைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஏணியைப் பிடித்துக்கொள்ள நானே வருகிறேன்.